பூட்டிய டிஸ்க்கும் நீ கொடுத்த பென் டிரைவும்

அம்மிணி,

நீ போனில் "லினக்ஸ் போட்டாச்சாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "ஓடுது" என்று மட்டும் சொல்லி வந்தேன். நீயும் அதை நம்பி, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வாய். ஓடியது உண்மைதான். ஆனால் நீ கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும். நேரில் சொல்ல வாய் வராத விஷயம் போனில் மட்டும் எப்படி வரும்? அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு, அடுப்பில் எதையும் வைக்காமல் உட்கார்ந்து படி. உன் அப்பன் பேசத்தான் கஞ்சன், எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்று உனக்கே தெரியும்.

கல்யாணம் முடிந்து நீ புனேவுக்குப் புறப்பட்ட அன்று, வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் உன் பெட்டிகளை ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள். நீ என்னை உள்ளறைக்கு இழுத்துப் போய் அண்ணனுடைய கணினிக்கு முன்னால் நிறுத்தினாய். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் இருந்த ஒரு பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாய். இதைச் செருகிவிட்டுக் கணினியைப் போட வேண்டும், போட்டவுடன் எஃப் பன்னிரண்டு பொத்தானை விடாமல் தட்ட வேண்டும், ஒரு பட்டியல் வரும், அதில் யு.எஸ்.பி. என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முதலில் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், பிடித்திருந்தால் இன்ஸ்டால் கொடுக்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாய். பழையது எல்லாம் அழியும், சரியா என்று கேட்கும், சரி என்று கொடுத்துவிடுங்கள் என்ற கடைசி வரியை மட்டும் வேகமாகவும், என் முகத்தைப் பார்க்காமலும் சொன்னாய். புதுத்தாலியின் மஞ்சள் ஈரம் காயாத பெண் வண்டி ஏறும் நேரத்தில் தகப்பனுக்குக் கணினிப் பாடம் எடுக்கிறாளே என்று உன் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சிரித்துக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உனக்குத் தெரிந்ததையே இங்கே திரும்ப எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள். நாம் மூன்று பேரும் உட்கார்ந்து இதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அண்ணன் போன அன்று நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். அவன் காலையில் இட்லியைத் தின்றுவிட்டு, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீசுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மத்தியானம் எனக்கு வந்த போன் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிறவன் எதிர்த்திசையில் சேலத்தையும் தாண்டி, ஏற்காட்டு மலைப்பாதை ஏறுகிற இடத்தில் எப்படிக் கிடந்தான்? சாலையோரத்து மணலில் வண்டி சறுக்கியிருந்தது, எதிரில் யாரும் இல்லை, யார் மேலும் குற்றம் இல்லை. பிறகு வண்டியை எடுக்கப் போனபோதுதான் இன்னொரு ஹெல்மெட் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்குவதைப் பார்த்தேன். புதியது. வெளிர் நீலம். கண்ணாடியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. என் தலைக்கு வைத்துப் பார்த்தேன், சிறியதாக இருந்தது.

அது யாருக்கு என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவனை எடுத்த அன்றைக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்தவர்களில் அறியாத முகம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. வந்து தூர நின்று போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய், அந்தக் கடைகளில் அவன் போட்டோவைக் காட்டியிருக்கிறேன். பேக்கரிக்காரர் மட்டும், இந்தத் தம்பி ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் அந்த மனிதர். இப்போதும் கண்ணை மூடினால், அவன் ஆறிப்போன டீயோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அவன் போன் நொறுங்கிப் போயிற்று. மிச்சம் இருந்தது இந்தக் கணினி. போட்டால் வேறெதுவும் வராது, ஒரு நீலத் திரையும் அதன் நடுவில் காலிக் கட்டம் ஒன்றும் வரும். டிஸ்க்கையே பூட்டி வைத்திருந்தான். சேலத்தில் பெரிய கடைகளிலெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். பாஸ்வேர்டு தெரியாமல் பிரம்மனாலும் முடியாது, வேண்டுமானால் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அழிக்கிற பேச்சை எடுத்த கடைக்காரரிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேசையிலேயே வைத்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

நீ நினைப்பதுபோல நான் அந்த அறையில் பேப்பர் படிக்கவில்லை அம்மிணி. பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருந்தேன். உங்கம்மா பேரைப் போட்டேன். நாம் வளர்த்த நாயின் பேரைப் போட்டேன். என் ரிக் வண்டியின் நம்பரை, அவன் பள்ளிக்கூடத்துப் பேரை, குலதெய்வத்தின் பேரை, பிறந்த தேதியை முன்னும் பின்னுமாகப் போட்டேன். பெற்ற பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. அவன் வளர்ந்த காலம் முழுக்க நான் ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன். நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து, எத்தனாவது படிக்கிறாய் என்று அவனையே கேட்டவன். எனக்கு வேறு என்ன தெரிந்திருக்கும்?

அதற்கப்புறம் பெண் பேர்களுக்கு வந்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்து லாரிகளில் கேபினுக்கு மேல் பிள்ளைகள் பேரை எழுதியிருப்பார்கள் அல்லவா? ரோட்டில் நின்று அதையெல்லாம் படித்து மனதில் வைத்துக்கொண்டு வந்து அடிப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமகள் பேரை அடிப்பேன். பஸ் பேர், பாத்திரக்கடைப் பேர், ரேஷன் வரிசையில் யாரோ யாரையோ கூப்பிட்ட பேர் எல்லாம் அடித்தேன். ஒவ்வொரு முறையும் தவறு என்று வரும். சில தடவைக்கு மேல் தவறினால் கணினியை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் உள்ளே இருந்து நான் அடிப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, இது இல்லைங்கப்பா, இது இல்லைங்கப்பா என்று சொல்வதுபோலவே இருக்கும். பயமாகவும் இருக்கும், எழுந்து போகவும் மனம் வராது.

உன் கல்யாணத்தன்று மேடையில் உன் சினேகிதிகள் வரிசையாக வந்து பரிசு கொடுத்தார்களே, ஒவ்வொருத்தியிடமும் நான் பேர் என்னம்மா, எந்த ஊரம்மா என்று கேட்டேன். எங்க அப்பா எல்லோரிடமும் எவ்வளவு பிரியமாகப் பேசுகிறார் பார் என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பேர் சேகரித்துக்கொண்டிருந்தேன் அம்மிணி. உன் கல்யாண மேடையில் நின்றுகொண்டும் நான் அந்த நீல ஹெல்மெட்டுக்குத் தலை தேடிக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு பென் டிரைவை எடுத்துச் செருகினேன். உள்ளேயே போகவில்லை. ஆயுத பூஜைக்கு அப்பாவுடைய ரிக்குக்கு மட்டும் பொட்டு வைப்பீர்கள், என் வண்டிக்கு யார் வைப்பார்கள் என்று அண்ணன் இந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கப்புறம் வருஷா வருஷம் நான்தான் வைத்தேன். பொட்டு வைக்கத் தோதாகக் கண்ணில் பட்டது முன்பக்கத்து யு.எஸ்.பி. ஓட்டைகள்தான். அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்து, கற்பூரமும் காட்டியிருக்கிறேன். அது உள்ளே இறங்கிச் சிமெண்டு போல இறுகிக் கிடந்தது. ஊசியை வைத்துக் குத்திப் பார்த்தேன், உதிர்ந்ததே தவிர வழி விடவில்லை. கடைசியில் பின்பக்கத்தில் ஒட்டடைக்கு நடுவே இன்னொரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துச் செருகினேன். எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். நீ சொன்ன பட்டியல் வந்தது.

நீலத் திரை வரவில்லை. வேறொரு திரை, பளிச்சென்று, ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. அந்த மேசையில் அந்தப் பெட்டி என்னை உள்ளே விட்டது அதுதான் முதல் தடவை. இன்ஸ்டால் என்ற படத்தை நான் தொடவே இல்லை. தினமும் காலையில் பென் டிரைவிலிருந்து ஓட்டுவேன், வைஃபை பாஸ்வேர்டை அடிப்பேன், செய்தி பார்ப்பேன், அணைப்பேன். மறுநாள் அதற்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறுபடி வைஃபை, மறுபடி எல்லாம். நேற்று நடந்ததை மறந்துவிட்டு எழுகிற அந்தக் கணினியைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. "ஓடுது" என்று உன்னிடம் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் நடந்தது. நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். அந்தத் திரையின் ஓரத்தில் அண்ணனுடைய டிஸ்க்கும் தெரிந்தது, பக்கத்தில் சின்னப் பூட்டுப் படத்தோடு. அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்டது. தவறினாலும் அணைத்துப் போட வேண்டியதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம். என் பைத்தியத்தைத் தீர்க்க நீ கொடுத்த மருந்தை வைத்தே அதை வளர்த்துக்கொண்டேன். காலை டிபன் மத்தியானமாயிற்று. உங்கம்மா கொண்டுவந்து வைக்கிற காப்பி ஏடு கட்டிக் கிடக்கும், பேசாமல் எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு நாள் டம்ளரை எடுக்காமல் நின்றாள். "ஏனுங்க, அவன் ஒருத்தன்தான் போனான். நீங்க இங்கயே உக்காந்துக்கிட்டுப் போயிட்டீங்க" என்றாள். அப்போதுதான் சொன்னாள், அந்தச் சாமானை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லிப் பாப்பாகிட்டக் கேட்டதே நான்தான் என்று. நீ அழித்துவிடுங்கள் என்று ஏன் முகம் பார்க்காமல் சொன்னாய் என்பது எனக்கு அப்போது விளங்கியது. வேறு டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டு, இதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாயாம். உங்கம்மா வேண்டாம் என்றாளாம். "எடுத்து வெச்சா, பீரோவத் தொறந்து வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு நிப்பாருன்னு சொன்னேனுங்க" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவள், தப்பாகவா சொல்வாள்?

எனக்குக் கோபம் வந்தது. உன் பிள்ளையை அழிக்கச் சொல்கிறாயே, நீ ஒரு தாயா என்று கேட்டுவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அந்த ஹெல்மெட்டுக்காரப் புள்ளைக்கு இந்நேரம் கண்ணாலம் ஆயி, ஊடு வாசல் கொழந்தைன்னு இருக்கும். பேரு தெரிஞ்சா நீங்க சும்மா இருப்பீங்களா? வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி அந்த ஊட்டு வாசல்ல நிப்பீங்க. அந்தப் புள்ளை நெலமைய நெனைச்சுப் பாத்தீங்களா?"

போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். என்ன கேட்பேன் என்றுகூடப் பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவன் உன்னிடம் என்ன சொன்னான், அன்றைக்கு நீ ஏன் வரவில்லை, அவன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் கணவனும் மாமியாரும் நிற்க, யார் என்றே தெரியாத கிழவனுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உங்கம்மா சொல்லித்தான் பார்த்தேன். பார்த்த பிறகு கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

"சொல்லோணும்னு இருந்தா நம்மகிட்டச் சொல்லியிருப்பான். சொல்லாம வெச்சிருந்ததை அவன்கிட்டயே உட்டுருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ராஜஸ்தானில் ஒரு விவசாயி இருந்தார். அவர் தோட்டத்தில் போட்ட குழியிலிருந்து பாறைத் தூள் புகைதான் வந்துகொண்டிருந்தது, ஈரத்தின் வாடைகூட இல்லை. நான் எஞ்சினை நிறுத்தப் போகும்போதெல்லாம் அவர் வந்து, இன்னும் ஒரு ராடு ஆழம் இறக்குங்கள் என்று கையைப் பிடிப்பார். ஒவ்வொரு ராடின் கூலிக்கும் அவர் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான் அவரைத் திட்டிவிட்டு, மாட்டேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ரிக்குக்காரன் என்று எனக்குத் தொழிலில் நல்ல பேர் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நான் இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் அம்மிணி. மாப்பிள்ளையின் போனைத் திறந்து பார்க்காதே. உன்னுடையதும் உன்னிடமே இருக்கட்டும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஒரு கதவைச் சாத்திக்கொண்டால், சாத்தியது ஏன் என்று இடிக்காதே. ஆனால் அது கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்ல நினைக்கிற நாளில் நீ பக்கத்தில் இரு. என் பிள்ளை அப்படி ஏதாவது ஒரு நாள் வந்து நின்றிருப்பான், நான் அனந்தப்பூரிலோ ஜோத்பூரிலோ இருந்திருப்பேன். போனில் பேசினாலும் ஆபீஸ் வேலை, டீசல், வண்டி இதைத்தான் கேட்டிருப்பேன். அந்த வருத்தம் எந்த டிஸ்க்கை அழித்தாலும் போகாது, போக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் இரண்டொரு நாள் சாக்குச் சொன்னேன். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள், பாதியில் நின்றால் பெட்டியே கெட்டுப்போகும் என்றேன். கரண்ட் போனது, வந்தது, சாக்கும் தீர்ந்தது. போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். உங்கம்மாவும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்ஸ்டாலை அழுத்தினேன். மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது, ஊர் கேட்டது. பிறகு நீ சொன்ன இடம் வந்தது. டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுப் போடட்டுமா என்றது. மவுஸ் மேல் இருந்த என் கை நகரவில்லை.

உங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளாகவே சொன்னாள். இன்ஸ்டாலை ஒதுக்கிவிட்டுப் பூட்டுப் படத்தை அழுத்தினேன். காலிக் கட்டம் வந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அத்தனை வருஷத்தில் அடிக்காத பேர் என்று ஒன்று இருக்கிறதா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா பேரு போட்டுப் பாத்தீங்களா?"

போட்டதில்லை அம்மிணி. ரோட்டில் போன லாரியின் பேரைப் போட்டவன், உன் பேரைப் போட்டதில்லை. அவன் தோளில் ஏறி வளர்ந்தவள் நீ. விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் அவன் போய்த்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவான். அவன் மனதில் உன் பேர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அப்போது என் மனதிலேயே நீ இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று ஊரே என்னைப் பார்த்தது, நானும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ அதே வீட்டில் அண்ணன் இல்லாமல் படித்து முடித்தாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் செய்துகொண்டாய். சாப்பிட்டாயா என்று நான் எத்தனை நாள் கேட்டிருப்பேன்? எழுத்து எழுத்தாக உன் பேரை அடித்தேன். ஒரு எழுத்துத் தவறிப்போய், அழித்து மறுபடி அடித்தேன். தவறு என்று வந்தது.

திறக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் வரவில்லை. இன்ஸ்டாலுக்குத் திரும்பி, அழிக்கச் சொல்லி அழுத்தினேன். திரும்பப் பெற முடியாது என்று ஒரு தடவை எச்சரித்தது, அதற்கும் சரி என்றேன். பயனர் பேர் கேட்டது, புது பாஸ்வேர்டு கேட்டது. உங்கம்மா சொன்னதைப் போட்டேன். ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டு போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கோடு முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு என்டரைத் தட்டச் சொன்னது. எடுத்தேன். திரை கறுத்தது.

உங்கம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழித்துத்தான் ஆக வேண்டும் என்று நின்றவள், "போயிட்டானுங்களா?" என்று கேட்டாள்.

"போயிட்டான்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது திரை வந்து, எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு காலிக் கட்டம்தான். அடித்தேன், திறந்தது.

வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. லாரியில் பேரைப் பார்த்தால் வாய் தானாகவே படித்துவிடுகிறது, பிறகுதான் அடிக்க இடமில்லை என்பது ஞாபகம் வருகிறது. ஹெல்மெட்டை உங்கம்மா யாருக்கும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடிக்கு நீயும் மாப்பிள்ளையும் வரும்போது நாங்கள் தோட்டத்துப் பக்கம் போயிருந்தாலும் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். கணினியைப் போட்டுக்கொள். பாஸ்வேர்டு உன் பேர்தான், எல்லாம் சின்ன எழுத்து. இவ்வளவு சுலபமாகவா வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்களே என்று திட்டுவாய். கண்டுபிடிக்கட்டும் அம்மிணி.

அப்பா